இடது பின்சக்கரத்தின் மேல் ஒரு வீடு

1

வண்டி சாய்ந்திருக்கிறது என்பதை எனக்கு முதலில் சொன்னது தோசை.

அல் ஐன் நகரத்தின் ஓரத்தில் ஒரு பழைய வில்லாவின் பின்பகுதியில் நாங்கள் குடியிருக்கிறோம். பக்கத்து மணல் திடலில் எங்கள் வண்டி நிற்கும். வண்டி என்றால் கார் இல்லை. உள்ளே படுக்கை, அடுப்பு, அலமாரி, ஆள் திரும்ப இடமில்லாத ஒரு கழிப்பறை எல்லாம் வைத்துக் கட்டிய மோட்டார் ஹோம். என் கணவர் ராஜவேல் சைட் சூப்பர்வைசராக இருக்கும் கட்டுமானக் கம்பெனியில் ஒரு ஜெர்மன்காரர் இருந்தார். அவர் ஊரைப் பார்க்கப் போகும்போது இதை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனார். வண்டிக்கு எங்கள் மகள் அபியைவிட வயது அதிகம்.

என் பெயர் பானுமதி. சேலத்துக்காரி. இங்கே ஓர் இந்தியப் பள்ளியில் பதினொன்று, பன்னிரண்டு வகுப்புகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். வீட்டில் எது ஆடினாலும், எது ஒழுகினாலும் ஏன் என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது. இந்தக் குணத்தால் என் வீட்டார் பட்ட பாட்டை அவர்கள்தான் எழுத வேண்டும்.

சென்ற வருடம், இரண்டாயிரத்து ஆறு, குளிர் முடிகிற சமயம். ஒரு வெள்ளிக்கிழமை மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்தி, உள்ளே அடுப்பைப் பற்றவைத்துத் தோசை வார்த்தேன். மாவு கல்லில் வட்டமாகப் பரவாமல் ஒரு ஓரமாக ஓடிப்போய்ச் சேர்ந்தது. அடுத்த தோசையும் அதே ஓரத்துக்கு ஓடியது.

"என்ன பானு, தோசைக்கு ஒரு பக்கம் மட்டும் சதை போட்டிருக்கு?" என்றார் ராஜவேல்.

தரை மேடு பள்ளமாக இருக்கும் என்று நினைத்தேன். திரும்பும் வழியில் ஒரு பெட்ரோல் பங்கின் சிமெண்டுத் தரையில் நிறுத்தி, ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி மேடைமேல் வைத்துப் பார்த்தேன். தண்ணீர் இடது பின்பக்கம் ஏறி நின்றது. இறங்கிப் போய்ப் பார்த்தால், இடது பின்சக்கரத்துக்கும் அதன் மேல் இருக்கும் வளைவுக்கும் நடுவே என் உள்ளங்கைகூட நுழையவில்லை. வலது பக்கம் தாராளமாக நுழைந்தது.

"பழைய வண்டி. நமக்கே முதுகு கூனுது, அதுக்குக் கூனாதா?" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியைக் கிளப்பினார்.

2

இந்த நாட்டில் வருடத்துக்கு ஒருமுறை வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். பாஸிங் என்பார்கள். பாஸானால்தான் முல்கியா என்கிற பதிவு அட்டை கிடைக்கும். முல்கியா இருந்தால்தான் இன்ஷூரன்ஸ். இரண்டும் இருந்தால்தான் எல்லை தாண்டி ஓமானுக்குள் போக முடியும்.

நாங்கள் போக நினைத்தது ஓமானில் இருக்கும் சோஹாருக்கு. வளைகுடாவுக்கு வந்து எங்களுக்கு இருபது வருடம் நிறைந்த மாதம் அது. முதலில் இறங்கியது சோஹாரில்தான். அபி பிறந்ததும் அங்கேதான். அவள் நடக்கப் பழகுவதற்குள் இவருக்கு அல் ஐனில் வேலை கிடைத்து வந்துவிட்டோம். பிறந்த ஊரை அவள் பார்த்ததே இல்லை. பன்னிரண்டாவது பரீட்சை முடிந்தது. ஜூலையில் கோயம்புத்தூரில் கல்லூரி. நடுவில் எனக்கும் அவளுக்கும் சேர்ந்தாற்போல லீவு என்று இருந்தது மார்ச் கடைசியில் ஒரு வாரம் மட்டும். அதைவிட்டால் அவள் போய்விடுவாள். போகிற பிள்ளைகள் திரும்பி வரும்போது விருந்தாளியாக வருவார்கள் என்று ஸ்டாஃப் ரூமில் ஆளாளுக்குச் சொல்லிப் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

"சோஹார் எல்லாம் எனக்கு எதுவும் ஞாபகம் இல்லையேம்மா. வாட் வில் ஐ டூ தேர்?" என்றாள் அபி. கொஞ்ச நேரம் கழித்து, "மோட்டார் ஹோம்ல போனா வர்றேன். கார்ல போனா வரலை" என்றாள். பதின்மூன்று வயதில் பள்ளி வாசலில் இந்த வண்டியிலிருந்து இறங்க வெட்கப்பட்டு, ஒரு தெரு தள்ளி நிறுத்தச் சொன்னவள் இவள்.

ஆகவே எல்லாம் பாஸிங்கில் வந்து நின்றது. இங்கே அரசாங்க அலுவலகங்களில் பெண்களுக்குத் தனி வரிசை. ஆண்கள் வரிசை வாசல்வரை நீண்டிருக்க, நம் வரிசையில் இரண்டு பேர் இருப்பார்கள். அதனால் எந்தப் பேப்பர் வேலை என்றாலும் கணவன்மார்கள் மனைவியைக் கையோடு அழைத்துப் போவார்கள். என் பள்ளி லீவில் பாதி இப்படித்தான் கழிந்திருக்கிறது.

எங்கள் வண்டியை எந்த வகையில் சேர்ப்பது என்பது ஒவ்வொரு வருடமும் புதுச் சிக்கல். டைப்பிங் சென்டர்க்காரர் ஒரு வருடம் அரபியில் பஸ் என்று அடித்துக் கொடுப்பார், அடுத்த வருடம் லாரி என்பார். இந்த முறை சோதனை நிலையத்தில் இருந்த இளம் அதிகாரி கதவைத் திறந்து அடுப்பைப் பார்த்தார், படுக்கையைப் பார்த்தார், அலமாரிக்குள் நான் ஒட்டியிருந்த பிள்ளையார் படத்தைப் பார்த்தார்.

"ஹாதா செய்யாரா, வல்லா பைத்?" என்றார். இது வண்டியா, வீடா என்று கேட்கிறார்.

"ரெண்டும்தான் சார்" என்று ராஜவேல் தமிழிலேயே சொன்னார். அதிகாரி சிரித்துவிட்டார். ஆனால் வண்டிக்கு அடியில் குழிக்குள் நின்று டார்ச் அடித்துப் பார்த்த ஆள் சிரிக்கவில்லை. ஷாக் அப்சார்பர் நான்கிலும் எண்ணெய்க் கசிவு, புஷ் எல்லாம் தேய்ந்து பொடியாகிவிட்டது, இடது பின்பக்கம் பட்டை ஸ்பிரிங்கில் விரிசல். வண்டி ஃபெயில்.

எனக்கு அந்தக் கடைசி விஷயம் சுருக்கென்றது. இரண்டு வருடம் முன்பும் விரிசல் விட்டது அதே இடது பின்பக்கம்தான்.

3

இங்கே தொழிற்பேட்டையைச் சனையா என்பார்கள். ஒரு கிலோமீட்டருக்குத் தகர ஷெட்டுகள், டயர் மலைகள், வெல்டிங் பொறி, எண்ணெய் குடித்துக் கறுத்த மணல். பெண்கள் யாரும் காரைவிட்டு இறங்க மாட்டார்கள். நான் இறங்கினேன். தெருவே ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தது.

ஸ்பிரிங் வேலைக்கென்றே இருப்பவை பட்டான்களின் கடைகள். நாங்கள் போவது குல் கான் கடைக்கு. பெஷாவர் பக்கத்து ஆள், மருதாணி போட்ட தாடி, கடை அதிரும் குரல். உலகத்தில் எதைப் பற்றிக் கேட்டாலும் அவரிடம் ஒரு தீர்ப்பு இருக்கும். பட்டை ஸ்பிரிங்கை அவர்கள் கமானி என்பார்கள்.

"யே கமானி டூப்ளிகேட் ஹை, மேடம். எந்தத் திருடன் போட்டான்?" என்றார், வண்டிக்கு அடியிலிருந்து.

"பாய், தோ சால் பெஹலே ஆப் ஹி லகாயா" என்றேன். என் இந்தி முழுக்க இங்கே வந்து பொறுக்கியது, அதில் இலக்கணம் தேடக்கூடாது. இரண்டு வருடம் முன்பு நீங்கள்தானே போட்டீர்கள் என்றால் அவர் கொஞ்சமும் அசரவில்லை. "அது என் மச்சான் போட்டது. அவனை ஊருக்கு அனுப்பியாச்சு. கலாஸ், முடிஞ்சது!" என்று கையைத் தட்டிவிட்டார்.

அன்றைக்கு நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததை, இத்தனை வருடம் கரும்பலகையில் எழுதியும் பார்த்ததில்லை. சேஸிஸின் கீழே பெரிய ஜாக்கிகளைக் கொடுத்து வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கினார்கள். உடம்பு மேலே போகப் போக, சக்கரம் தொங்க, ஸ்பிரிங் மெல்ல வளைவு திரும்பிப் பழைய வடிவத்துக்கு வந்தது. அதன் வேலையே அதுதான். எவ்வளவு சுமையோ அவ்வளவு தட்டையாகும், சுமையை எடுத்தால் மறுபடி வில்லாக வளையும். வருடக்கணக்காகச் சுமையை எடுக்காமலே விட்டால் வளைய மறந்துபோகும். இடது பக்கத்து ஸ்பிரிங் அப்படி மறந்திருந்தது. வலது பக்கத்தோடு சேர்த்துத் தரையில் வைத்தபோது ஒன்று நன்றாக வளைந்த வில், இன்னொன்று கிட்டத்தட்ட நேர்க்கோடு.

நீளமான இரும்புப் பட்டைகள், ஒன்றைவிட ஒன்று குட்டையாக, அடுக்கி நடுவில் போல்ட் போட்டு இறுக்கியது ஒரு ஸ்பிரிங். எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது தாய்ப்பட்டை. அதன் இரண்டு முனையும் வளையமாகச் சுருண்டிருக்கும். அந்த வளையத்துக்குள் ஒரு ரப்பர் உருளை, அதுதான் புஷ். என் கட்டைவிரல் தடிமன்கூட இல்லை. இரும்போடு இரும்பு உரசாமல் இத்தனை வருடம் தாங்கியது இந்த ரப்பர். அல் ஐன் வெயிலில் பாவம் கருவாடாகி, தொட்டதும் உதிர்ந்தது. துருப்பிடித்த போல்ட்டுகளைக் காஸ் வெட்டும் சுடரில் காய்ச்சி, சம்மட்டியால் அடித்துத்தான் கழற்ற முடிந்தது. புது புஷ்களைச் சோப்புத் தண்ணீர் தடவி அழுத்தி ஏற்றினார்கள். ஷாக் அப்சார்பரை மாட்டும் முன் குல் கான் அதைக் கையால் அமுக்கிக் காட்டினார். மெல்ல உள்ளே போய், மெல்ல வெளியே வந்தது. பழையதை அமுக்கினால் சைக்கிள் பம்பு மாதிரி விழுந்தது.

எனக்கு ஒரே ஒரு கேள்வி. ஏன் இடது பக்கமே உடைகிறது?

கடையில் இருந்த எல்லோரிடமும் பதில் இருந்தது. குல் கான் டூப்ளிகேட் என்றார். பக்கத்துக் கடை சர்தார்ஜி, இடது சக்கரத்தை நடைமேடை விளிம்பில் ஏற்றி நிறுத்தியிருப்பீர்கள் என்றார். ராஜவேல், "திருஷ்டி பானு. இந்த ஊர்ல எந்தத் தமிழனுக்கு இப்படி வண்டி இருக்கு?" என்றார். எனக்கு எதுவும் ஒட்டவில்லை. இங்கே வலது பக்கமாக ஓட்டுகிறோம். மழைத் தண்ணீர் வடிய ரோடு வலது பக்கம்தான் சரிவாக இருக்கும். தண்ணீர்த் தொட்டியும் காஸ் சிலிண்டரும் வலது பக்கம். உடைவதென்றால் வலது பக்கமல்லவா முதலில் உடைய வேண்டும்?

குல் கான் கேள்வியை அத்தோடு முடித்துவைக்கப் பார்த்தார். இரண்டு பக்கமும் புது ஸ்பிரிங், அதிலும் கம்பெனி கொடுத்ததைவிட ஒரு பட்டை அதிகம். "இனிமேல் நீங்கள் யானையை ஏற்றினாலும் சாயாது, மேடம்!"

வண்டியைக் கீழே இறக்கினார்கள். பள்ளியிலிருந்து கொண்டுபோன மர ஸ்கேலை இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தேன். இடது பக்கம் இரண்டு விரல்கடை கீழேதான் இருந்தது. எல்லாமே புதுசு, அப்போதும்.

4

"கார்ல போயிட்டு வந்துடலாம் பானு. ஹோட்டல் போட்டுக்கலாம்" என்றார் ராஜவேல். லீவு தொடங்க இரண்டே நாள்.

"கார்ல அவ வரமாட்டா. இதுல போனா அந்த மலைப்பாதையில என் பொண்ணை வெச்சுக்கிட்டு ஸ்பிரிங் உடையும். ஏன் சாயுதுன்னு தெரியாம நான் ஏற மாட்டேன்."

"உனக்கு எல்லாத்துக்கும் காரணம் வேணும்."

"ஆமா. வேணும்."

சனையாவைத் தாண்டினால் ஜல்லி உடைக்கும் கிரஷர் ஒன்று இருக்கிறது. அங்கே லாரிகளை எடைபோடும் மேடை உண்டு. மறுநாள் அபியையும் ஏற்றிக்கொண்டு அங்கே போனோம். ஜல்லி லாரிகளுக்கு நடுவே ஜன்னலில் பூப்போட்ட திரையோடு எங்கள் வண்டி வரிசையில் நின்றது. அபி இருக்கையில் சறுக்கிக் கீழே ஒளிந்துகொண்டாள்.

எடைமேடைக்காரர் ஒரு மலையாளி. அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "எந்தா டீச்சரே, வீடும் கொண்டாணோ வந்நது?" என்றார். வீட்டையும் கொண்டா வந்தீர்கள் என்று கேட்கிறார். இங்கே மலையாளிகளுக்கு நான் டீச்சர் என்பது எப்படியோ முகத்தைப் பார்த்தே தெரிந்துவிடுகிறது.

முழு வண்டியையும் எடைபோட எனக்கு வேண்டாம், பக்கம் பக்கமாக வேண்டும் என்றேன். இடது சக்கரங்கள் இரண்டு மட்டும் மேடையில், வலது சக்கரங்கள் வெளியே தரையில். பிறகு சுற்றிக்கொண்டு வந்து வலதை மட்டும் ஏற்ற வேண்டும். அவருக்கு என்ன என்று புரியவில்லை. ஆனால் பின்னால் ஹாரன் அடித்த லாரிக்காரர்களை "ஒரு மினிட்டு!" என்று அதட்டிவிட்டு ஆர்வமாக வெளியே வந்து நின்றுகொண்டார். சிவப்பு எண்கள் ஓடி நின்றன. அபியும் மெல்ல இறங்கி வந்து பார்த்தாள்.

இடது பக்கம் வலதைவிட ஒரு ஜோடி எருமை அளவுக்கு அதிகமாக இருந்தது. இதைவிடச் சுலபமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"உள்ள என்ன இருக்கு?" என்றேன் ராஜவேலிடம்.

"என்ன இருக்கும்? ஒண்ணுமில்லையே" என்றார். பிறகு, "ஊருக்குன்னு வெச்சது கொஞ்சம் இருக்கு" என்றார்.

வளைகுடாவில் இருக்கும் எவருக்கும் இந்தச் சொல் புரியும். இங்கே எல்லார் வீட்டிலும் கட்டிலுக்கு அடியில் 'ஊருக்கு' என்று ஒன்று சேர்ந்துகொண்டே இருக்கும். கம்பளி, பால் பவுடர், டார்ச் லைட், செண்ட், மிக்ஸி. அது நம் வீட்டில்தான் இருக்கிறது, ஆனால் நம் வீட்டுச் சாமான் இல்லை. வீட்டில் இடமில்லாதபோது நாங்கள் அதையெல்லாம் வண்டிக்கு மாற்றினோம். வலது பக்கம் தண்ணீர்த் தொட்டி இருந்ததால், எல்லாம் இடது பக்கம், அபி படுக்கும் கட்டிலுக்கு அடியில் இருந்த நீளப் பெட்டிக்குள் போனது. நானே எத்தனை முறை அந்த மூடியைத் தூக்கி எதையாவது உள்ளே தள்ளியிருக்கிறேன்! இத்தனை நாள் இடது பக்கம் ஏன் என்று ஊரெல்லாம் கேட்டவள், அந்தப் பெட்டியை ஒருமுறைகூட நினைக்கவில்லை. ஊருக்கு என்று வைத்ததற்கு எடை இருக்கும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

மெத்தையை எடுத்து மூடியைத் திறந்தேன். மேலே என்னுடையவை. பிரிக்காத டில்டிங் கிரைண்டர் ஒன்று, சமையலறைத் தொட்டி ஒன்று, பித்தளைக் குத்துவிளக்கு ஜோடி. அதற்குக் கீழே குழாய்கள், கதவுக் கைப்பிடிகள், இரண்டு கை கழுவும் தொட்டி, கட்டுக் கட்டாகத் தரை ஓடு. எல்லாவற்றுக்கும் அடியில், பழைய கம்பளி விரித்து, ஒன்றின்மேல் ஒன்றாகக் கறுப்பு கிரானைட் பலகைகள். இரண்டு பலகை எனக்குத் தெரியும். அங்கே ஆறு இருந்தன.

"ஒவ்வொரு வில்லா முடியும்போதும் மிச்சம் விழும்" என்றார் அவர் மெதுவாக. "தூக்கிப் போடச் சொல்வாங்க. மனசு வரலை. நம்ம சமையல் மேடைக்கு ஆகும்னு."

அபி கம்பளியை விலக்கிப் பார்த்தாள். "நான் இத்தனை வருஷமா உங்க சமையல் மேடை மேலேயா தூங்கினேன்?"

மலையாளி கல்லைத் தட்டிப் பார்த்தார். "இது இந்தியா கல்லாணல்லோ."

இந்தியக் கல்தான். இன்னும் சரியாகச் சொன்னால் கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கல். அங்கே மலையை அறுத்து, கப்பலேற்றி, துபாயில் இறக்கி, அல் ஐன் வில்லாக்களில் பதித்து மிஞ்சிய கல். என் கணவருக்குச் சொந்த ஊர் கிருஷ்ணகிரி. அங்கே வீடு கட்ட அவர் வைத்திருக்கும் காலி மனையிலிருந்து பார்த்தால் அந்தக் கல்குவாரி தெரியும். அங்கேயிருந்து வந்ததை அங்கேயே கொண்டுபோகத்தான் எங்கள் வண்டி வருடக்கணக்காகக் கூனிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அபியும் சிரித்தாள். மலையாளியும் சேர்ந்துகொண்டார். ராஜவேல் மட்டும் சிரிக்கவில்லை.

5

வீட்டுக்கு வந்ததும் ராஜவேல் திடலில் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் கைவைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"இறக்கிட்டா எங்க வெக்கிறது? வீட்டுல இடமில்லை" என்றார்.

"குடுத்துடலாம்."

"குடுத்துட்டா? வீடு கட்டும்போது?"

அந்த வீட்டுக்கு அவர் ஒவ்வொரு லீவிலும் புது பிளான் போடுவார். முதலில் இரண்டு அறை. அபி வளர வளர அவளுக்கு மாடியில் ஒரு அறை. ஒரு லீவில் சுற்றுச்சுவர் எழுப்பினோம், இன்னொரு லீவில் போர் போட்டோம். ஊருக்குப் போய்ச் சேருவது மட்டும் தள்ளிக்கொண்டே போனது. அடுத்த வருடம் விசாவை கேன்சல் பண்ணிவிடுவோம், அடுத்த வருடம் என்று சொல்லியே இருபது வருடம் ஓடிவிட்டது.

"கட்டலாங்க. கட்டும்போது அங்கேயே கல்லு வாங்கிக்கலாம். உங்க மனைக்குப் பக்கத்துல மலையே இருக்கு" என்றேன்.

"அது தெரியாதா எனக்கு?" என்றார். "இதைப் பாக்கும்போது, ஏதோ வீடு பாதி கட்டிட்ட மாதிரி இருந்தது பானு. இறக்கிட்டா ஒண்ணுமே இல்ல. வெறும் மனை."

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. எடைமேடையில் அவ்வளவு சிரித்ததற்கு வருத்தமாகவும் இருந்தது. ஆனால் என் லீவு மறுநாள் தொடங்குகிறது. அவர் இறக்காவிட்டால் வண்டி ஏறப்போவதில்லை என்று சொல்லிவிட்டேன்.

பின்னாலிருந்து அபிதான் பேசினாள். "அப்பா, அந்த வீட்டுல என் ரூம் எந்தப் பக்கம்?"

"கிழக்க. மலை தெரியும்."

"ஓகே. அதுல இப்ப நான் இல்ல. நான் இதுலதான் இருக்கேன். இதை எடுத்துட்டுப் போலாம்பா."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, அவருடைய கம்பெனி கேம்ப்பின் மெஸ்ஸுக்கு அடித்தார். அங்கே நம்மூர் ஆட்கள் கால் ஆடும் தகர மேஜைமேல் வைத்துக் காய் நறுக்குவதாக அவர் பலமுறை புலம்பியிருக்கிறார். சாயங்காலம் பிக்கப்பில் நான்கு பேர் வந்தார்கள். தருமபுரி, ஊத்தங்கரை ஆட்கள். கல்லை இறக்கும்போது ஒருவர் அதன் விளிம்பைத் தடவிவிட்டு, "நம்மூரு கல்லாட்டம் இருக்குதுங்களே சார்" என்றார்.

"நம்மூருதான்யா. பாத்துப் புடி, மூலை தட்டிடப்போவுது" என்றார் ராஜவேல். கடைசிப் பலகை இறங்கும்வரை பக்கத்திலேயே நின்றார். ஓடுகளும் தொட்டிகளும் கல்லோடு போயின. கிரைண்டரையும் கொடுத்தனுப்பினேன். குத்துவிளக்கை மட்டும் வீட்டுக்குள் எடுத்துவந்தேன்.

6

வண்டி பாஸானது. அந்த வருடம் அதன் வகை பஸ். எல்லையில் இருக்கும் புரைமியைத் தாண்டி வாதி ஜிஸ்ஸி மலைப்பாதையில் ஏறினோம்.

ஒரு விஷயத்தை நான் யோசித்திருக்க வேண்டும். யானைக்காகப் போட்ட ஸ்பிரிங்கில் இப்போது யானை இல்லை. ரோட்டில் சின்னக் குழி வந்தாலும் வண்டியின் பின்பக்கம் எம்பிக் குதித்தது. தட்டுகள் பறந்தன, பிளாஸ்க் உருண்டது. கட்டிலில் படுத்திருந்த அபி ஒவ்வொரு குலுக்கலுக்கும் மேலே போய் விழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்பா, கல்லைத் திருப்பிக் கொண்டு வாங்க!" என்று கத்தினாள். எவ்வளவோ நாளுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்துக் கேட்டேன்.

ஓமான் செக்போஸ்ட்டில் அதிகாரி அவள் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாடு இந்தியா, பிறந்த ஊர் சோஹார், விசா அமீரகம். "எந்த ஊர்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் "அல் ஐன்" என்றாள். யோசிக்கவே இல்லை. ராஜவேலும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

சோஹாரில் நாங்கள் இருந்த தெருவே இல்லை. துறைமுகத்துக்குப் புது ரோடு போட்டிருந்தார்கள். அவள் பிறந்த ஆஸ்பத்திரிக் கட்டடத்தையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவளுக்கு அதில் குறையும் இல்லை. கடற்கரையில் கெட்டியான தரையாகப் பார்த்து வண்டியை நிறுத்தினோம். காலையில் தோசை வார்த்தேன். மாவு நாலாபக்கமும் ஒன்றாகப் பரவி, வட்டமாக நின்றது. அபி கேமராவில் அந்தத் தோசையைப் படம் எடுத்தாள். ஆறு நாளும் அங்கேயே இருந்தோம். அந்த ஆறு நாள் எனக்குப் போதும் என்று சொல்ல ஆசை. போதவில்லை.

7

அவள் ஜூலையில் போனாள். ராஜவேலும் நானும் வெள்ளிக்கிழமைகளில் வண்டியை எடுத்துப் பார்த்தோம். இரண்டு பேருக்கு அது இன்னும் மோசமாகக் குதித்தது. அபி படுக்கும் இடத்தில் ஒரு மூட்டை மணலைப் போட்டுக்கூடப் பார்த்தார். மணல் மூட்டையோடு எவ்வளவு நேரம் பேசுவது?

இந்த மாதம் மறுபடி பாஸிங். போன வாரம் குல் கானிடம் கொண்டுபோனோம். அவர் வண்டியை ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்து, தீர்ப்பு சொன்னார். காலி வண்டிக்கு இத்தனை பட்டை வேண்டாம், தான் போட்ட அந்த அதிகப் பட்டையை எடுத்துவிட்டால் பட்டு மாதிரி போகும் என்றார். யானை ஏறும் என்று சொன்னவர் அவர்தான் என்பதை நான் ஞாபகப்படுத்தவில்லை. ராஜவேலும் சரி என்றார். "இனி நாங்க ரெண்டு பேர்தானே பாய். எடுத்துடுங்க." வண்டியை விட்டுவிட்டு வந்தோம்.

அன்று சாயங்காலம் அபி போன் பண்ணினாள். ஹாஸ்டல் சாப்பாடு, வார்டன், லேபில் உடைத்த பியூரெட் எல்லாம் சொன்னாள். எட்டு மாதத்தில் அவள் தமிழ் என்னுடையதைவிடக் கொங்குத்தமிழ் ஆகியிருக்கிறது. மே மாத லீவுக்கு டிக்கெட் பார்க்கவேண்டும் என்றேன்.

"அப்பாகிட்ட கேளும்மா, எத்தனை கிலோ கொண்டு வர்லாம்னு. என் கட்டிலுக்குக் கீழ ஒரு பெரிய பெட்டி சேர்ந்துபோச்சு. இரும்புத் தோசைக்கல்லு வாங்கிட்டேன். அப்புறம் ஆட்டுக்கல்லு, குட்டியா, சட்னி அரைக்க. செங்கல்லு மாதிரி கனம். ரூம்மேட் எல்லாம் சிரிக்கிறாளுங்க."

"அதெல்லாம் எதுக்குடி?"

"நம்ம வண்டிக்குத்தான். ஊருக்குக் கொண்டு வர்லாம்னு வெச்சிருக்கேன்."

போனை ராஜவேலிடம் கொடுத்தேன். அவர் கேட்டார், 'உம்' என்றார், மறுபடி 'உம்' என்றார். வைத்துவிட்டு ஜன்னல் வழியாகக் காலித் திடலைப் பார்த்தார். பிறகு என்னிடம் எதுவும் கேட்காமல் குல் கான் கடைக்கு அடித்தார்.

"பாய், கழட்டிட்டீங்களா? இல்லையா? நல்லது. கழட்டாதீங்க. அந்தப் பட்டை இருக்கட்டும்."